மரணக் கதவைச் செய்த மன்ட்சூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வத்திக்கானுக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் மைக்கலாஞ்சலோவும் பெர்னினியும் உடனே வந்துவிடுவார்கள். ஜாக்கொமோ மன்ட்சூவின் பெயரைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. புனித பேதுரு பெருங்கோவிலின் முகப்பிலேயே அவர் கைவேலை, ‘மரணக் கதவு’ என்ற வெண்கலக் கதவாக நிற்கிறது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த மன்ட்சூ?

20ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சிற்பி. 1908 டிசம்பர் 22 அன்று வட இத்தாலியில் உள்ள பெர்கமோவில் பிறந்தார்; 1991 ஜனவரி 17 அன்று காலமானார். அப்பா செருப்புத் தைப்பவர், கூடவே கோயில்பிள்ளை, அதாவது ஆலயப் பணியாள். பிள்ளைகள் நிறைந்த ஏழை வீடு. கோயில்பிள்ளையின் மகனுக்கு ஆலயத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் நன்றாகத் தெரியும். திரி கருகிய மெழுகுவத்தியும், ஆணியில் தொங்கும் பூசை உடுப்பும், திருவிழா முடிந்தபின் துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்ட சுரூபமும் அவன் கண்ணில் தினமும் பட்டுக்கொண்டே இருக்கும். மன்ட்சூவின் சமயச் சிற்பங்களில் பக்திப் பகட்டு இல்லாததற்கு இந்தப் பின்பக்க அறிமுகமே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மன்ட்சோனி என்றும் சில இடங்களில் போட்டிருக்கிறார்களே?

அதுதான் பிறப்புப் பெயர். பெர்கமோ வட்டார வழக்கில் அது மன்ட்சூ. கையொப்பத்துக்கு அவர் ஊர்ப்பேச்சு வடிவத்தையே வைத்துக்கொண்டார்.

எந்தக் கல்லூரியில் சிற்பம் படித்தார்?

முறையாகப் படித்தது என்று பெரிதாக எதுவும் இல்லை. சிறுவயதிலேயே பள்ளியை விட்டு மரம் செதுக்குபவர், தங்கமுலாம் பூசுபவர், சுதை வேலைக்காரர் என்று பட்டறை பட்டறையாக எடுபிடியாக இருந்து கற்றார். பலிபீடத்து வேலைப்பாடும் சுவர்ப் பூவேலையும் செய்யும் பட்டறைகள் அவை.

கட்டாய ராணுவ சேவைக்காக வெரோனாவுக்குப் போனது அவருக்கு ஒரு திருப்பம். அந்த ஊரில் புனித சேனோ ஆலயம் இருக்கிறது. அதன் மரக் கதவின் மேல் இடைக்காலத்து வெண்கலத் தகடுகள் வரிசையாக அறையப்பட்டிருக்கும். உருவங்கள் குட்டையானவை, அளவு முறைக்கு அடங்காதவை. தலைகள் தகட்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். பின்னாளில் தானும் கதவுகளுக்காகவே பேசப்படப்போகும் இளைஞர் அங்கே பார்த்த கதவு இது.

பிறகு 1929இல் பாரிஸ் போனார். அந்த முதல் பயணம் வறுமையில் முடிந்தது. ஊர் திரும்பி மிலானில் தங்கினார். கட்டடக் கலைஞர் ஜொவான்னி மூட்சியோ அங்கே கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் சிற்றாலயத்துக்கான அலங்கார வேலையை அவருக்குக் கொடுத்தார். சொல்லும்படியான முதல் சமயப் பணி அதுதான்.

அவர் யாருடைய வழியில் வந்தவர்?

இரண்டு பேரைச் சொல்லலாம். ஒருவர் 15ஆம் நூற்றாண்டின் இத்தாலியச் சிற்பி தொனாதெல்லோ. தகட்டிலிருந்து நகக்கண் அளவே உயரும் மிக மெல்லிய புடைப்பில் ஆழமான வெளியைக் காட்டும் வித்தையை மன்ட்சூ அவரிடமிருந்து எடுத்தார். மற்றவர் மெதார்தோ ரோஸ்ஸோ. உருவம் கரைந்து ஒளியில் கலப்பதுபோல மெழுகில் முகங்களைச் செய்தவர். மன்ட்சூவின் முகங்களில் இருக்கும் மென்மையில் ரோஸ்ஸோ தெரிகிறார். பாரிசில் பார்த்த பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் படைப்புகளின் பாதிப்பும் உண்டு. அவர் அதைச் சீக்கிரம் கடந்துவிட்டார் என்பது என் கணிப்பு.

ஒரே கர்தினாலை ஏன் இத்தனை முறை செய்தார்?

1934இல் புனித பேதுரு பெருங்கோவிலில் இரண்டு கர்தினால்களுக்கு (திருத்தந்தைக்கு அடுத்த நிலையில் உள்ள குருக்கள்) நடுவே திருத்தந்தை அமர்ந்திருந்ததைப் பார்த்தார். அந்தக் காட்சி மனதில் தங்கிவிட்டது. 1938இல் முதல் கர்தினாலைச் செய்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் விடவில்லை: உட்கார்ந்தவர், நின்றவர், உள்ளங்கை அளவு, ஆளுயரத்தைத் தாண்டியது என்று மொத்தம் 300க்கும் மேல்.

குறிப்பிட்ட ஒரு கர்தினாலின் உருவப்படமாக இவற்றைப் பார்க்க வேண்டாம். மேலே கூம்புத் தொப்பி, கழுத்திலிருந்து தரைவரை ஒரே வீச்சில் இறங்கும் மேலங்கி. தூரத்தில் நின்றால் கூடாரம்போல, கூர்நுனிப் பாறைபோலத் தெரியும். கை கால் எதுவும் அநேகமாக வெளியே தெரியாது. கிட்டே போனால் அந்தப் பெரிய வெண்கலக் கூம்புக்குள்ளிருந்து சிறிய, களைத்த முகம் ஒன்று எட்டிப் பார்க்கும். திருச்சபையின் மகத்துவத்தைவிட அந்த வடிவமே தன்னை ஈர்த்தது என்பது சிற்பியின் நிலைப்பாடு. வடிவத்துக்காகச் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பதவி உடுப்புக்குள் மனிதன் எவ்வளவு சிறுத்துவிட்டான் என்பது பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்பாது.

சமயச் சிற்பி என்கிறீர்கள். திருச்சபையோடு மோதினார் என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் உண்மை. இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் ‘நமது மானுடத்தில் கிறிஸ்து’ என்ற வரிசையில் சிறு வெண்கலப் புடைப்புகளைச் செய்தார். பொருள் பழையதுதான்: சிலுவையில் அறைதல், சிலுவையிலிருந்து இறக்குதல். ஆனால் சிலுவையருகே நிற்பவர்கள் ரோமானியப் படைவீரர்கள் அல்லர். ஒன்றில் தொந்தி சரிந்த நிர்வாண ஆள் ஒருவன் நிற்கிறான். உடம்பில் துணி இல்லை, தலையில் மட்டும் ஜெர்மன் தலைக்கவசம். வேறொன்றில் இறந்த கிறிஸ்துவின் அருகே நிற்பவர் திருச்சபையின் உயர்பதவிக்காரர்.

முசோலினி ஆட்சியில் இருந்த காலம் அது. மிலானில் இவை காட்சிக்கு வந்ததும் பாசிசத் தரப்பும் கோபப்பட்டது, திருச்சபைத் தரப்பும் கோபப்பட்டது. ஒரே படைப்பால் இந்த இரண்டு தரப்பையும் ஒன்றாகச் சீண்டுவது அன்று சின்னக் காரியமில்லை. போரின் கடைசிக் கட்டத்தை அவர் பெர்கமோ மலைப்பகுதியில் உள்ள க்ளுசோனேயில் கழித்தார்.

அளவில் இவை சிறியவை, கைப்பெட்டியில் அடங்கிவிடும். கதவுகளைவிட இந்தப் புடைப்புகளே அவருடைய ஆகச் சிறந்த சமயப் படைப்பு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் பாதி அந்தக் கட்சி.

‘மரணக் கதவு’ என்பது என்ன?

புனித பேதுரு பெருங்கோவிலின் வெளிமண்டபத்தில் ஐந்து கதவுகள் உள்ளன. வலக்கோடியில் இருப்பது யூபிலி ஆண்டில், அதாவது திருச்சபை அறிவிக்கும் சிறப்பு ஆண்டில் மட்டும் திறக்கப்படும் புனிதக் கதவு. நடுவில் பழைய பேராலயத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்ட, சிற்பி ஃபிலாரெத்தே செய்த 1445ஆம் ஆண்டுக் கதவு. இடக்கோடியில் இருப்பது மன்ட்சூ செய்தது. இறுதி ஊர்வலம் புறப்படும் வாசல் என்பதால் அந்தப் பெயர்.

பேராலயத்துக்குப் புதிய கதவுகள் செய்யப் பணம் வைத்துவிட்டுப் போனவர் பவேரிய இளவரசர் ஜார்ஜ். அரச குடும்பத்தில் பிறந்து குருவாகி, புனித பேதுரு பேராலயத்திலேயே பணியாற்றியவர், 1943இல் இறந்தார். 1947இல் போட்டி அறிவிக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் ஒரு கதவுக்கான வேலை மன்ட்சூ கைக்கு வந்தது.

வந்த வேலையை முடிக்க ஏன் 1964 வரை ஆயிற்று?

கொடுக்கப்பட்ட தலைப்பு அவருக்கு ஒட்டவில்லை. புனிதர்களும், நம்பிக்கைக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளும் பெறும் வெற்றி மகிமையைச் சித்திரிக்கச் சொல்லியிருந்தார்கள். வரைந்தார், செய்தார், கிடப்பில் போட்டார். வெற்றி முழக்கம் அவருக்கு வராது. கர்தினால்களைப் பார்த்தவர்களுக்கே அது தெரிந்திருக்கும்.

முடிச்சை அவிழ்த்தவர்கள் இருவர். ஒருவர் ஜுசெப்பே தெ லூக்கா. ரோமில் வாழ்ந்த குரு, பெரும் படிப்பாளி, மன்ட்சூவின் நெருங்கிய நண்பர். மற்றவர் 1958 அக்டோபரில் திருத்தந்தையான 23ஆம் யோவான். தலைப்பு மரணம் என்று மாறியது. அதன்பிறகுதான் வேலை நகர்ந்தது. தெ லூக்கா 1962இல் இறந்துவிட்டார், திருத்தந்தை 1963 ஜூன் 3 அன்று இறந்தார். 1964 ஜூன் 28 அன்று கதவு திறந்துவைக்கப்பட்டபோது திருத்தந்தையாக இருந்தவர் 6ஆம் பவுல். மரணத்தைப் பற்றிய கதவைச் செய்துகொண்டிருந்தவர், அதற்கு வழிவிட்ட இருவரையுமே வேலை முடிவதற்குள் இழந்தார்.

கதவில் என்னென்ன இருக்கின்றன?

உயரம் ஏழரை மீட்டருக்கும் மேல். அண்ணாந்து பார்த்தால் மேலே இரண்டு பெரிய பலகைகள்: இடது பக்கம் மரியாளின் மரணம், வலது பக்கம் சிலுவையிலிருந்து இறக்கப்படும் இயேசு. அவற்றுக்குக் கீழே வெட்டப்பட்ட திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும். நற்கருணையின் அப்பமும் இரசமும் பிறப்பது அறுவடையில் சாகும் பயிரிலிருந்துதான் என்பதை வேறெந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிவிட்டார்.

அதற்கும் கீழே எட்டுச் சிறிய பலகைகள், எட்டுச் சாவுகள். நான்கு நமக்கு மறைக்கல்வியில் தெரிந்த கதைகள், அல்லது திருச்சபை வரலாறு: அண்ணன் கையால் விழுந்த ஆபேல், மரியாளின் கணவர் சூசையப்பர், கல்லெறிந்து கொல்லப்பட்ட முடியப்பர், 1085இல் சலெர்னோவில் நாடுகடந்த நிலையில் இறந்த திருத்தந்தை 7ஆம் கிரகோரி. ஐந்தாவது, செபத்தில் ஆழ்ந்திருக்கும் 23ஆம் யோவான். உயிரோடு இருந்த காலத்தில் இந்தக் கதவுக்கு வழிவிட்டவரே கடைசியில் அதற்குள் ஒரு பலகையாகிவிட்டார்.

மீதமுள்ள மூன்றுக்குப் பெயரோ புனிதர் பட்டமோ கிடையாது. வன்முறையால் சாவு. விண்வெளியில் சாவு: பிடிமானம் இல்லாமல் அந்தரத்தில் தத்தளிக்கும் உடல் (ககாரின் விண்வெளிக்குப் போய் அப்போது மூன்றே ஆண்டுகள்). கடைசியாக, மண்ணில் சாவு. இந்தப் பலகைக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். பெண் ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டாள். சாதாரண வீட்டு நாற்காலி. பார்த்துவிட்டு அழுகிற குழந்தை. தேவதூதன் இல்லை, மேகம் பிளக்கவில்லை, சிலுவைகூட இல்லை. சுற்றிலும் வெறும் வெண்கலம். உலகக் கத்தோலிக்கர் தேடி வரும் ஆலயத்து வாசலில், சமையலறையில் இறந்துபோன யாரோ ஒருத்திக்கும் மரியாளுக்கும் ஒரே கதவில் இடம் கொடுத்திருக்கிறார். மன்ட்சூ என்ன மாதிரியான சமயக் கலைஞர் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நாற்காலியைத்தான் காட்டுவேன்.

அடிவரிசையில் சிறு பிராணிகள். முள்ளெலி, ஆந்தை, ஆமை, காகம் ஆகியவை அவற்றில் அடங்கும். குழந்தைகளை அழைத்துப் போனால் அவர்கள் பார்ப்பது இவற்றை மட்டும்தான். உயரமும் அவர்களுக்கு ஏற்றது.

திருத்தந்தையும் அவரும் உண்மையிலேயே நண்பர்களா?

ஆம், எல்லோரும் எதிர்பார்க்கிற வகையில் இல்லாவிட்டாலும். 23ஆம் யோவான் பிறந்த சொட்டோ இல் மொன்டே பெர்கமோவுக்கு அருகில் உள்ள கிராமம். அவர் குடியானவர் வீட்டுப் பிள்ளை, இவர் செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளை. ஒரே மண்ணுக்காரர்கள். திருத்தந்தையின் தலையைச் சிற்பமாக வடிக்க மன்ட்சூ வத்திக்கானுக்குப் போய்வந்தார். ஒன்று செய்வார், பிடிக்காது, அழித்துவிடுவார், மறுபடி தொடங்குவார். பல முயற்சிகளுக்குப் பிறகே தேறியது. அந்த முகத்தில் பெரிய காதுகளும் தடித்த மூக்கும் ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் பொறுமையும் இருக்கின்றன. திருத்தந்தை இறந்தபோது முகத்தையும் கையையும் அச்செடுத்தவரும் இவரே.

கம்யூனிஸ்டுக்கு எப்படி வத்திக்கான் வேலை கொடுத்தது?

இத்தாலிய இடதுசாரிகளுக்கு அவர் நெருக்கமானவர், ஆலயத்துக்குப் போய்வரும் பழக்கம் விட்டுப்போனவர். 1960களின் நடுவில் சோவியத் யூனியனின் லெனின் அமைதிப் பரிசும் பெற்றார். பேதுரு பேராலயக் கதவு திறந்த சில காலத்திலேயே மாஸ்கோ பரிசு! அன்றைய பனிப்போர்ச் சூழலில் இது இரு பக்கத்திலும் புருவம் உயர்த்த வைத்திருக்கும்.

ஆனால் அது 23ஆம் யோவானின் காலம் என்பதை மறக்கக் கூடாது. 1963 ஏப்ரலில் வந்த அவருடைய ‘அவனியில் அமைதி’ சுற்றுமடல் கத்தோலிக்கருக்கு மட்டுமல்லாமல் நல்மனம் கொண்ட எல்லோருக்கும் எழுதப்பட்டது. அப்படி எழுதியவர், சிற்பியின் நம்பிக்கைக்குச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

கதவை எப்படி வார்த்தார்கள்?

களிமண்ணிலோ மெழுகிலோ உருவம் செய்வது முதல் கட்டம். மன்ட்சூ இதை அநேகமாக வரைவதுபோலவே செய்தார்: கருவியால் கோடு கீறி, விரலால் அழுத்தி, தேவையான இடத்தில் மட்டும் ஒரு பொட்டு ஒட்டி. அதனால்தான் முடிந்த வெண்கலத்தில்கூட விரல் தடமும் கீறலும் அப்படியே நிற்கின்றன. தேய்த்து வழவழப்பாக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

பிறகு மெழுகு வார்ப்பு. உருவத்தின் மேல் அச்செடுத்து, அச்சுக்குள் மெழுகை மெல்லிய படலமாகப் பூசி, உள்ளே கரு நிரப்பி, வெளியே தீ தாங்கும் மண் பொதிந்து சூடாக்குவார்கள். மெழுகு உருகி வெளியேறிவிடும். அது இருந்த இடுக்கில் உருகிய வெண்கலம் ஓடி நிறையும். நம் சுவாமிமலை ஸ்தபதிகளும் மெழுகு வைத்துத்தான் வார்க்கிறார்கள். ஆனால் அங்கே மெழுகு உருவத்தையே நேராக மண்ணில் பொதிவதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். இத்தாலிய முறையில் தாய் அச்சு மிஞ்சுவதால் ஒன்றுக்கு மேற்பட்ட வார்ப்புகள் எடுக்கலாம். ‘ரோமில் பார்த்த அதே கர்தினாலை வேறு நாட்டிலும் பார்த்தேனே, எது போலி?’ என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். இரண்டும் அசலாக இருக்கலாம்.

வேறு கதவுகளும் செய்தாரா?

இரண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பேராலயத்தில் அன்பின் கதவு, 1958. அங்கே நம்பிக்கைக்கும் எதிர்நோக்குக்குமான மற்ற இரு கதவுகளை வேறு சிற்பிகள் செய்தார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் புனித லாரன்ஸ் ஆலயத்துக்குப் போரும் அமைதியும் என்ற கதவு, 1968. இந்த இரண்டு ஆலயங்களும் இரண்டாம் உலகப் போரில் குண்டுக்கு இரையாகி மறுபடி கட்டப்பட்டவை.

சமயம் தவிர வேறு எதுவும் செய்யவில்லையா?

நிறையச் செய்தார். 1948இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான பரிசு வாங்கினார். மிலானின் பிரேரா கலைக்கழகத்தில் கற்பித்தார். 1954 முதல் 1960 வரை சால்ஸ்பர்க்கில் ஓவியர் ஓஸ்கர் கொக்கோஷ்கா நிறுவிய கோடைக்காலக் கலைப்பள்ளியில் பாடம் எடுத்தார். அங்கேதான் ‘இங்கே’ என்ற பெயருடைய நடனக்காரியைச் சந்தித்தார். அவர் மாடலாகி, வாழ்க்கைத் துணையும் ஆனார். அதற்குப் பின் வந்த நடனப் பெண்கள், காதலர்கள் எல்லாவற்றிலும் அவர் சாயல் உண்டு.

நாற்காலிகளையும் விடாமல் செய்தார். வைக்கோல் இருக்கை வைத்த எளிய நாற்காலி. சிலவற்றில் பழம், சிலவற்றில் உட்கார்ந்திருக்கும் சிறுமி. மண்ணில் சாவு பலகையில் வரும் நாற்காலி எங்கிருந்து வந்தது என்பது இவற்றைப் பார்த்தால் புரியும்.

1977இல் சொந்த ஊரான பெர்கமோவில் பாசிச எதிர்ப்புப் போராளிகளுக்கு நினைவுச் சின்னம் அமைத்தார். தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட ஆண் உடல், அருகே நின்று பார்க்கும் பெண். சிலுவையடியில் மரியாள் நிற்கும் காட்சியை அறிந்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

இத்தாலி போனால் எங்கே பார்க்கலாம்?

ரோமுக்குத் தெற்கே ஆர்தெயாவில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1960களில் அந்தப் பக்கம் குடிபெயர்ந்தவர், 1979இல் அந்தச் சேகரிப்பை இத்தாலிய அரசுக்குக் கொடுத்துவிட்டார். கர்தினால்கள், நாற்காலிகள், ‘இங்கே’யின் உருவங்கள், ஓவியங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். ரோமின் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் கர்தினால் உண்டு.

பேதுரு பேராலயத்தில் ஓர் எச்சரிக்கை: உள்ளே நுழைந்ததும் வலப்புறம் மைக்கலாஞ்சலோவின் வியாகுலத் தாய் சிற்பம் இருப்பதால் கூட்டம் முழுக்க வலது பக்கமே சாயும். நீங்கள் வெளிமண்டபத்திலேயே நின்று இடக்கோடிக்கு ஒதுங்குங்கள். புடைப்பு மிக மெல்லியது என்பதால் நேர் எதிரே நின்றால் பாதி உருவம் கண்ணுக்குப் படாது. ஓரமாக நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் ஒவ்வொன்றாக எழும்பி வரும்.

கதவின் உட்புறத்திலும் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பலர் பார்ப்பதே இல்லை. உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் காட்சி அது. கூம்புத் தொப்பி அணிந்த ஆயர்கள் வரிசையாக, மன்ட்சூவின் கர்தினால்கள் எல்லோரும் ஒரே நாளில் கூடிவிட்டதுபோல. அவர்களிடையே 23ஆம் யோவான், ஆப்பிரிக்காவின் முதல் கறுப்பினக் கர்தினாலான லோரியன் ருகாம்ப்வாவை வரவேற்கிறார். நண்பர் தெ லூக்காவுக்கு அர்ப்பணிப்பும் உண்டு. அதோடு சிற்பி தன் உள்ளங்கையைப் பதித்திருக்கிறார்: ஐந்து விரலும் தெளிவாக, களிமண்ணில் வேலை முடித்த கொத்தனார் சுவரில் கை வைத்ததுபோல.